சென்னை மாடியில் கோஸா, காலிஃபிளவரா, நூக்கலா?

பெரும்பாக்கத்தில் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோன சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, மொட்டை மாடியில எங்க பங்குக்கு எட்டுப் பை வெச்சுக்கலாம்னு அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. இந்த சீசனுக்கு கோஸ் போடலாமா?"

"போடேன்" என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் மடிப்பாக்கத்தில் என் மாடியில் முதல் இரண்டு வருஷம் நான் அறுவடை செய்தது வெறும் இலைதான். முறம் முறமாக இலை விரியும். நடுவில் இன்றைக்கு உருண்டை பிடிக்கும், நாளைக்குப் பிடிக்கும் என்று தினமும் எட்டிப் பார்ப்பேன். பங்குனி வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் பிடுங்கி எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டேன். மூன்றாம் வருஷம்தான் நான்கு கோஸ் கைக்கு வந்தது. நடுவில் என்ன மாறியது என்று அவளுக்குப் போனில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடக் கணக்கு. கோஸ் ஒரு செடிக்கு ஒரே ஒரு காய்தான். நிலத்தில் நட்டால் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி கேட்கும். ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் உள்ள பையில் ஒரு செடிக்கு மேல் வைக்கக் கூடாது. ஆசையில் இரண்டு வைத்தால் இரண்டுமே எலுமிச்சம்பழ அளவில் நின்றுவிடும். நாற்றுத்தட்டில் ஒரு மாதம், பையில் இரண்டிலிருந்து இரண்டரை மாதம். இத்தனைக்கும் கடைசியில் கிடைப்பது சென்னை மாடியில் முக்கால் கிலோ. ரொம்ப நன்றாக வந்தால் ஒரு கிலோ. அதே பையில் சிறுகீரை போட்டால் 25 நாளுக்கு ஒரு தடவை பிடுங்கலாம். கத்தரி வைத்தால் மாதக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, நம் கோஸ் தயாராகிற தை மாசி சமயத்தில்தான் கோயம்பேட்டிலும் கோஸ் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், தள்ளுவண்டிக்காரரே விலையைக் குறைத்துக் கூவுவார். காசு மிச்சம் என்று நினைத்து யாரும் கோஸ் போட வேண்டாம்.

பின்னே எதற்கு? எனக்கு இரண்டு காரணம். பூச்சி மருந்து அதிகமாக அடிக்கப்படும் காய்களில் கோஸும் ஒன்று. இலை மேல் இலையாக மூடிக்கொள்கிற காயை எவ்வளவு கழுவினாலும் மனசு ஆறாது. இன்னொன்று ருசி. மாடியில் அறுத்த கோஸைக் கத்தியால் பிளந்தால் வெட்டு வாயில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்க்கும். பொரியலுக்குத் தண்ணீரே தெளிக்க வேண்டாம், மூடி வைத்தால் தன் ஈரத்திலேயே வெந்துவிடும். அந்த ஒரு பொரியலுக்காக மூன்று மாதம் காத்திருக்க மனசு இருந்தால் மேலே படிக்கலாம். பால்கனியில் மூன்று நான்கு மணி நேரம்தான் வெயில் விழும் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். கோஸுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் புதினா போதும்.

எப்போது விதைப்பது

என் முதல் இரண்டு வருஷத் தோல்விக்கு வேறெதையும் விட மாதம்தான் காரணம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்தார்களே என்று ஆடியிலேயே கோஸ் விதையையும் போட்டுவிட்டேன். அந்தப் பழமொழி கோஸுக்காகச் சொன்னது அல்ல. கோஸ் உருண்டை பிடிக்கிற பருவத்தில் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம். 25 தாண்டினால் சுணங்கும், உருண்டை தளர்வாகும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் அது சொன்னபடி கேட்கும். ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிற ஓசூரிலும் குளிர்காலத்தில் கேட்கும். நாம் கடல் மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம். சென்னையின் நல்ல குளிர் என்பது ஜனவரியில் ராத்திரி 20, 21 டிகிரி, பகலில் 29, 30. அதாவது நம் ஊரின் ஆகச் சிறந்த மாதமே கோஸுக்குப் பாஸ் மார்க்தான். அதனால் உருண்டை பிடிக்கிற மூன்று நான்கு வாரமும் அந்த மாதத்தை ஒட்டி விழுகிறபடி பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

விதைப் பாக்கெட்டுகளில் சமவெளிக்கு ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை என்று நீட்டமாகப் போட்டிருக்கும். அந்த நான்கு மாதமும் நமக்கு ஒன்றில்லை.

ஆகஸ்டில் விதைத்தால் அக்டோபர், நவம்பரில் உருண்டை பிடிக்கப் பார்க்கும். அப்போது புழுக்கமும் போயிருக்காது, மழையும் கொட்டும். இதை அடித்துவிடலாம்.

செப்டம்பர் நடுவில், புரட்டாசிப் பிறப்பை ஒட்டி விதைத்தால் அக்டோபர் நடுவில் நாற்றைப் பைக்கு மாற்றலாம், டிசம்பர் கடைசியில் வெட்டலாம். இது மோசமில்லை. என் அண்ணி பெரம்பூரில் இப்படித்தான் செய்கிறார். ஆனால் விரல் நீள நாற்று வேர் பிடிக்கிற அதே பத்து நாளில்தான் ஐப்பசி அடைமழை பிடிக்கும். இரண்டு நாள் பைக்குள் தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி கறுத்துச் சாய்ந்துவிடும். அண்ணி பத்து நட்டால் ஐந்து தேறும், அதுவும் மேலே தகரம் போட்ட பக்கத்தில் இருப்பவை.

நான் இப்போது அக்டோபர் கடைசி வாரத்தில் விதைக்கிறேன். வடகிழக்குப் பருவமழை முறுக்கிக்கொண்டிருக்கிற நவம்பர் முழுக்க நாற்று குழித்தட்டில், சன்ஷேடுக்கு அடியில், கைக்கு அடக்கமாக இருக்கும். மழை வந்தால் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம், பையைத் தூக்க முடியுமா? டிசம்பர் முதல் வாரம் பைக்கு மாற்றினால் பொங்கலை ஒட்டி உருண்டை பிடிக்க ஆரம்பிக்கும், பிப்ரவரி முதல் பாதியில் வெட்டலாம். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. டிசம்பர் என்றாலே சென்னைக்காரர்கள் வானத்தைப் பார்ப்போம். 2016-இல் வர்தா டிசம்பர் 12 அன்று வந்தது. 2023-இல் மிக்ஜாம் டிசம்பர் தொடக்கத்திலேயே வந்து ஊரை மூழ்கடித்தது. மிக்ஜாமின்போது என் நாற்றுத்தட்டு மாடிப்படித் திருப்பத்தில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் மூன்று நாள் இருந்தது. வெளிச்சம் போதாமல் கொஞ்சம் நெட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு வாரம் தள்ளி ஆழமாக நட்டேன், பிழைத்துக்கொண்டது.

ஆனால் இரண்டு வாரம் சோம்பினால் கதை மாறிவிடும். நவம்பர் நடுவுக்கு மேல் விதைத்தால் பிப்ரவரிக் கடைசி வெயிலில் உருண்டை இறுகாது, அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

மூன்றில் எது

கோஸ், காலிஃபிளவர், நூக்கல் மூன்றும் பார்க்க வேறு வேறு, தாவரக் கணக்கில் ஒரே இனம். கோஸில் நாம் சாப்பிடுவது மூடிய பெரிய மொட்டு, காலிஃபிளவரில் பூவாக வேண்டிய பாகம், நூக்கலில் உப்பிய தண்டு. சென்னையில் எது சுலபம் என்பதும் ஏறக்குறைய இதிலிருந்தே தெரிந்துவிடும். தண்டு உப்புவதற்குச் செடி அவ்வளவு அடம் பிடிப்பதில்லை, பூ விஷயத்தில்தான் பிகு பண்ணும்.

காலிஃபிளவரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ரகத்துக்கு ரகம் அது கேட்கிற குளிர் வேறு. குளிர்கால ரகத்தை இங்கே நட்டால் பூ வைக்கவே வைக்காது, இலையாகவே நிற்கும். சீக்கிர ரகத்தை நட்டு நடுவில் தண்ணீரிலோ உரத்திலோ கொஞ்சம் பிசகினால் ரூபாய் நாணய அளவில் அவசரமாக ஒரு பூ வைத்துவிட்டு நின்றுவிடும். சூடு ஏறினால் பூவுக்கு நடுவே குட்டி குட்டி இலை முளைக்கும். எல்லாம் சரியாக வந்தாலும் பூ மஞ்சளாகாமல் இருக்க இலையை மடித்து மூட வேண்டும், மூடினால் உள்ளே புழு. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

நூக்கல் அப்படியே நேரெதிர். நட்டு 45, 50 நாளில் வெட்டலாம், சூட்டையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஓர் அடிப் பையில் இரண்டு செடி தாராளமாக வரும். இலையையும் கீரை மாதிரிப் பொரியல் செய்யலாம். ஒரே ஒரு விஷயம், பேராசைப்படக் கூடாது. கிரிக்கெட் பந்து அளவுக்கு வந்ததும் வெட்டிவிட வேண்டும். இன்னும் ஒரு வாரம் விட்டால் பெரிசாகுமே என்று விட்டால் உள்ளே நார் ஓடி, சாம்பாரில் போட்டால் மெல்ல முடியாமல் துப்ப வேண்டியதுதான். முதல் தடவை இந்தக் குடும்பத்துக் காய் போடுகிறவர்கள் நூக்கலில் தொடங்கினால் மனம் உடையாது.

கோஸ் இந்த இரண்டுக்கும் நடுவில். நாள் தவறாமல் செய்தால் வரும், ஏனோதானோ என்றால் வராது.

விதையா, நாற்றா

ஈ.சி.ஆர். பக்கமும் மாதவரம் பக்கமும் நர்சரிகளில் சீசனுக்குக் கோஸ் நாற்று கிடைக்கும். ஒரு மாதம் மிச்சம், நான்கு செடி போதும் என்பவர்களுக்கு அது வசதி. ஆனால் என்ன ரகம் என்று கேட்டால் "ஹைபிரிட்மா" என்பதுதான் பதிலாக இருக்கும். ஒரு வருஷம் ஒரு நர்சரியில் பத்து கோஸ் நாற்று வாங்கி வந்தேன். ஜனவரியில் பார்த்தால் அதில் ஆறு காலிஃபிளவர். சின்னதில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை, விற்றவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. நாற்றாகத்தான் வாங்குவது என்றால் நான்கைந்து இலையோடு, தண்டு குட்டையாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். ரொம்ப முக்கியமாக, நடுக்குருத்து இருக்கிறதா என்று விரலால் இலையை விலக்கிப் பாருங்கள். குருத்துப் புழு தின்ற நாற்று பார்க்கப் பச்சையாக இருக்கும், உருண்டை பிடிக்கவே பிடிக்காது. பிடித்தாலும் பக்கத்தில் நான்கு சின்ன மண்டையாகக் கிளம்பும்.

விதை என்றால் ரகம் நம் கையில். பழைய பேர்போன கோல்டன் ஏக்கர் நட்ட 60, 65 நாளில் தயாராகும் குட்டை ரகம். குளிர் இருந்தால் அருமையான உருண்டை. சென்னையில் எனக்கு இரண்டில் ஒன்றுதான் இறுகியது. டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா அகேதி சூடு தாங்குவதற்காகவே உருவாக்கின ரகம், ஆனால் சின்னப் பாக்கெட்டாக நம் ஊர்க் கடைகளில் என் கண்ணில் பட்டதில்லை. மூன்றாவது, சூடு தாங்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிற சீக்கிர ஹைபிரிட். நான் இப்போது இதைத்தான் போடுகிறேன். நாட்டு விதைதான் போடுவேன், விதை எடுத்து வைப்பேன் என்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் கோல்டன் ஏக்கர் போன்ற குளிர்ப்பிரதேச ரகங்கள் பூத்து விதை கட்ட வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். அந்த விதை இமாசலத்துக் குல்லு பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் தயாராகிறது. மாடியில் நாம் அந்த ரகத்தைப் போட்டாலும் ஹைபிரிட் போட்டாலும் அடுத்த வருஷம் பாக்கெட் வாங்கத்தான் வேண்டும். அப்புறம் ஹைபிரிட் என்றால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஊதா கோஸ் அழகுதான், நாள் அதிகம் எடுக்கும். நம் குளிர் அத்தனை நாள் நீடிக்காது.

நிலமா, பையா என்று தனி வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்துக் களிமண்ணில் மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காது, அங்கே பைதான். திருவான்மியூர் மணலில் நிலத்திலேயே நடலாம், ஆனால் எருவை அள்ளிக் கொட்ட வேண்டும். செம்மண், நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றும் சம பங்கு என்பது என் கலவை. கோஸ் பசிக்காரச் செடி. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்துப் பத்து நாளுக்கு ஒரு தடவை ஊற்றுகிறேன். பைக்கு மேல் வெள்ளை உப்புப் பூக்கிற போர் தண்ணீராக இருந்தால் மெட்ரோ வாட்டரைக் கொஞ்சம் கோஸுக்கு ஒதுக்குங்கள்.

புழுவோடு எப்படிப் போராடுவது

மாதத்தைச் சரியாகப் பிடித்த பிறகும் கோஸ் தோற்பது இங்கேதான். காலையில் காப்பியோடு மாடிக்குப் போய் இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். பட்டாணி அளவில் ஜன்னல் வைத்த மாதிரி ஒளி ஊடுருவும் புள்ளிகள் இருக்கும். அடிப்பக்கத்துச் சதையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு மேல் தோலைக் கண்ணாடிக் காகிதமாக விட்டு வைத்திருக்கும். இலையைத் திருப்பினால் அரை அங்குலம்கூட இல்லாத பச்சைப் புழு. தொட்டால் வெடுக்கென்று துள்ளி ஒரு நூலில் தொங்கும், நாம் போனதும் அதே நூலில் ஏறி வந்துவிடும். இதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இறக்கையை மடித்து உட்காரும்போது அந்துப்பூச்சியின் முதுகில் டைமண்ட் டைமண்டாகக் கோலம் தெரியும், அதனால் இந்தப் பேர். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது கிளம்பிவிடும்.

எல்லோரும் முதலில் சொல்வது வேப்ப எண்ணெய். லிட்டருக்கு ஐந்து மில்லி, கூடவே கொஞ்சம் சோப்புக் கரைசல். சோப்பை விடக் கூடாது, ஏனென்றால் கோஸ் இலை மேல் மெழுகு பூசியிருக்கும். தனியாக அடித்தால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு கீழே போய்விடும். இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சியான அசுவினிக்கு இது நன்றாகவே கேட்கும். புழு நிறைய வந்த பிறகு அடித்தால் பெரிய பலன் இல்லை. டிசம்பர் மழை ஒன்று பெய்தால் அடித்ததும் போச்சு.

அடுத்தது கடுகு. வயலில் கோஸ் வரிசைகளுக்கு இடையே கடுகு விதைப்பது தெரிந்த முறை. அந்துப்பூச்சிக்குக் கோஸை விடக் கடுகு பிடிக்கும், அங்கே போய் முட்டையிடும். ஏக்கர் கணக்கில் சரி. எட்டுப் பை இருக்கிற மாடியில் கடுகுப் பையை வைத்தேன். பூச்சி வந்தது, கடுகை முடித்துவிட்டு அடுத்த பைக்கு நடந்து வந்தது. விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது பி.டி. என்கிற பாக்டீரியா மருந்து. புழு அதைத் தின்றால்தான் சாகும், அதனால் இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாரா வாரம் அடிக்காதீர்கள். உலகத்தில் வயலிலேயே பி.டி.க்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்ட முதல் பூச்சி இந்த வைரமுதுகுதான்.

இப்போது நான் வலையில் நிற்கிறேன். அரை அங்குல பி.வி.சி. குழாயை வளைத்துப் பைகளுக்கு மேல் குடில் மாதிரி வைத்து, பொடிக் கண்ணுள்ள வெள்ளைப் பூச்சி வலையைப் போர்த்திச் சுற்றிலும் செங்கல் வைத்துவிடுவேன். கத்தரிக்கும் பூசணிக்கும் இப்படி மூட யோசிக்க வேண்டும், தேனீ உள்ளே போகாது. கோஸுக்குப் பூவும் வேண்டாம், தேனீயும் வேண்டாம், நட்ட நாளிலிருந்து வெட்டுகிற நாள் வரை மூடியே வைக்கலாம். நடுவதற்கு முன்னால் நாற்றின் அடி இலை ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பது அவசியம், முட்டையோடு உள்ளே வைத்து மூடினால் நாமே பண்ணை வைத்துக் கொடுத்த மாதிரி. பச்சை நிழல் வலையை வாங்கி வந்துவிடாதீர்கள். இரண்டும் வேறு. நிழல் வலைக்கு அடியில் கோஸ் நெட்டையாக நிற்கும். வலைக்குள் அசுவினி வந்தால் பொறிவண்டு போய்த் தின்ன வழியில்லை என்பது இதன் குறை. வாரம் ஒரு தடவை திறந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவேன். செலவு முதல் வருஷம் மட்டும், என் வலைக்கு இது நான்காம் சீசன்.

உருண்டை பிடிக்கத் தாமதமானால் வெளி இலைகளைச் சேர்த்துக் கட்டினால் பிடிக்கும் என்று என் மாமியார் வாழை நாரால் அழகாகக் கட்டி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. உருண்டை உள்ளிருந்து வருவது. வெளி இலைகள் அதற்குச் சோறு சமைப்பவை, அவற்றைக் கட்டவும் வேண்டாம், பொரியலுக்கு ஆசைப்பட்டுப் பறிக்கவும் வேண்டாம். இறுகின கோஸ் மழை பெய்த மறுநாள் வெடிக்கும் போலத் தெரிந்தால் செடியின் அடியைப் பிடித்துக் கால் வட்டம் திருகிவிடுங்கள். கொஞ்சம் வேர் அறுந்து தண்ணீர் ஏறுவது குறையும், இரண்டு மூன்று நாள் தவணை கிடைக்கும்.

சித்தி மகளிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: மூன்று பையில் கோஸ், மூன்று பையில் இரண்டிரண்டாக ஆறு நூக்கல், ஒன்றில் சிறுகீரை, ஒன்றில் கொத்தமல்லி. விதைத்தட்டு அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வலை இப்போதே வாங்கி வை.

"காலிஃபிளவர் ஒண்ணே ஒண்ணு, அக்கா? பாப்பா கோபி கேக்குறா."

"அதுக்குக் கடையில வாங்கு. நானும் கடையிலதான் வாங்குறேன்."